கிரியேட்டின் எடுத்த அனுபவம்: தராசு ஒண்ணு சொல்லும், நோட்டு வேற சொல்லும்

ஜிம்ல என்கிட்ட வந்து பேசறவங்க கேக்கற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான், "அண்ணா, எந்த பிராண்டு கிரியேட்டின் எடுக்கறீங்க?" கிரியேட்டின்ங்கறது நம்ம தசையிலயே இருக்கற ஒரு பொருள், அதையே பவுடரா வெயிட் தூக்கறவங்க எடுத்துக்கறாங்க. எனக்கு இது தேவையா, உள்ள போய் என்ன பண்ணும், எவ்ளோ எதிர்பார்க்கலாம்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி. பிராண்டு கேள்விக்கு பதில் சொல்ல அரை நிமிஷம் போதும், மத்ததுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியிருக்கு.

நான் டாக்டரும் இல்ல ட்ரெயினரும் இல்ல. நாள் பூரா உக்காந்து வேலை பாக்கற ஆளு, முப்பதத் தாண்டி வெயிட் தூக்க ஆரம்பிச்சவன், பொறந்ததுல இருந்து சைவம். இந்த சைவம் சமாச்சாரத்த ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும். அப்புறம் எனக்கு ஒரு பழக்கம், ஒவ்வொரு செட்டும் எத்தனை கிலோ எத்தனை ரெப்னு, அதாவது நிறுத்தாம எத்தனை தடவ தூக்கினேன்னு, நோட்டுல எழுதி வைப்பேன். கூட ட்ரெயின் பண்றவங்க "கணக்குப்பிள்ளை"ன்னு கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும், கிரியேட்டின் வேலை செஞ்சுதா இல்லையான்னு எனக்கு சொன்னது அந்த நோட்டு மட்டும்தான்.

முதல்ல சேர்ந்த உடனே நான் இத எடுக்கல. காரணம் சிம்பிள், புதுசா ஜிம் போறவனுக்கு எதுவும் எடுக்காமலே முதல் சில மாசம் வெயிட் ஏறிட்டேதான் இருக்கும், உடம்பு அந்த அசைவுகளக் கத்துக்கற காலம் அது. அந்த நேரத்துல கிரியேட்டினும் சேர்த்து எடுத்தா எது எதனால வந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது, எல்லாப் புகழும் டப்பாவுக்குப் போயிடும். ஸ்குவாட், பென்ச், டெட்லிஃப்ட் எல்லாம் ஒரு எடத்துல வந்து நின்னு, வாரக் கணக்குல அதே நம்பர எழுதிட்டு இருந்தப்பதான் வாங்கினேன். இப்ப யாராவது கேட்டாலும் இதத்தான் சொல்றேன், உங்க நம்பர் என்னன்னு உங்களுக்கே தெரியாத வரைக்கும் வாங்காதீங்க.

சரி இது உள்ள போய் என்ன பண்ணுதுன்னா, தசை சுருங்கறதுக்கு செலவாகறது ஏடிபி (ATP), செல்லுக்கு எனர்ஜி குடுக்கற மூலக்கூறு. அது தசையில கையிருப்பு ரொம்ப கொஞ்சம், முழு பலத்தோட இழுத்தா ரெண்டு மூணு செகண்டுக்குத்தான் தாங்கும். செலவானதும் அதுல ஒரு பாஸ்பேட் கழண்டு ஏடிபி (ATP) ஏடீபியா (ADP), அதாவது மூணு பாஸ்பேட் இருந்த எடத்துல ரெண்டா நிக்கும். அப்ப பக்கத்துல இருக்கற பாஸ்போகிரியேட்டின், அதாவது பாஸ்பேட் ஒட்டின கிரியேட்டின், தன்கிட்ட இருக்கற பாஸ்பேட்ட கைமாத்தா குடுத்து அத உடனே பழைய நிலைக்குக் கொண்டுவந்துடும். இந்த கைமாத்து சுமார் 10 செகண்டு வரைக்கும் ஓடும், அதுக்கு மேல சர்க்கரைய உடைச்சு எனர்ஜி எடுக்கற வழிதான். வாங்கின கடன நம்ம உக்காந்து ரெஸ்ட் எடுக்கறப்ப உடம்பு திருப்பிக் கட்டும், முதல் அரை நிமிஷம் ஒரு நிமிஷத்துல பாதி வந்துடும், முழுசா வர மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் ஆகும். நம்ம பவுடர் சாப்பிட்டு பண்றது என்ன, கடன் குடுக்கறவன்கிட்ட கொஞ்சம் கூடுதலா இருப்பு வைக்கறோம், அவ்ளோதான். ஹார்மோன் கிடையாது, ஸ்டீராய்டு கிடையாது, தானா தசைய வளர்க்கற மருந்தும் கிடையாது. எட்டாவது ரெப்ல கை விட்டுப் போற எடத்துல ஒம்பதாவது வரும், அந்த ஒம்பதாவது ரெப்ப மாசக்கணக்குல சேர்த்துக்கிட்டே போனா அதுக்குத்தான் தசை வளரும். இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிட்டா கிரியேட்டின் பத்தி பாதி குழப்பம் போயிடும்.

இந்த எடத்துல ஒரு சின்ன சந்தோஷம், பாஸ்போகிரியேட்டின தசையில கண்டுபிடிச்சு 1927ல வெளியிட்டவங்க ஹார்வர்டுல வேலை செஞ்ச சைரஸ் ஃபிஸ்கேவும் எல்லாப்பிரகட சுப்பாராவும். சுப்பாராவ் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சுட்டு அமெரிக்கா போனவரு. அதே சமயத்துல இங்கிலாந்துல எகிள்டன் தம்பதியும் தனியா இதக் கண்டுபிடிச்சாங்க. கிரியேட்டின் அதுக்கும் ரொம்ப முன்னாடி 1832லயே பிரான்ஸ்ல செவ்ரூல்ங்கறவர் கறியில இருந்து பிரிச்சு எடுத்தது. ஜிம் டப்பாவுல வர்றத பாத்து ஏதோ நேத்து லேப்ல செஞ்ச கெமிக்கல்னு நினைக்கறவங்களுக்கு இத சொன்னா கொஞ்சம் ஆச்சரியப்படுவாங்க. சப்ளிமெண்டா பிரபலமானது 1992ல. ரோஜர் ஹாரிஸ், எரிக் ஹல்ட்மன் குழு, வாயால சாப்பிட்டாலே தசையில கிரியேட்டின் இருப்பு ஏறுதுன்னு அந்த வருஷம் காட்டினாங்க, அதே வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக்ல 100 மீட்டர் ஜெயிச்ச லின்ஃபோர்ட் கிறிஸ்டி இத எடுத்ததா பத்திரிகையில வந்துச்சு, அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. தடை செஞ்ச பொருள் பட்டியல்ல இது கிடையாது.

எவ்ளோ எடுக்கணும்ங்கற கணக்கு இங்க இருந்துதான் வருது. 70 கிலோ ஆளோட உடம்புல சுமார் 120 கிராம் கிரியேட்டின் இருக்கும், 95 சதவீதம் எலும்போட ஒட்டின தசையிலதான். தினமும் அதுல சுமார் 2 கிராம் உடைஞ்சு கிரியேட்டினின்ங்கற கழிவா சிறுநீர்ல போயிடும். ஒரு கிராம் போல உடம்பே மூணு அமினோ அமிலத்த வச்சு செஞ்சுக்கும், மீதி சாப்பாட்டுல இருந்து வரணும், அதுவும் கறியும் மீனும்தான் முக்கியமான வழி. அதுலயும் ஒரு கிலோ பச்சைக் கறிக்கு 3ல இருந்து 5 கிராம்தான். என்ன மாதிரி சைவ ஆளுக்கு சாப்பாட்டுல கிட்டத்தட்ட ஒண்ணுமே வராது, அதனால தசையில இருப்பு கறி சாப்பிடறவங்கள விட கம்மியா இருக்கும், கம்மியா இருக்கற எடத்துலதான் ஏத்தறதுக்கு எடமும் ஜாஸ்தி.

லோடிங், அதாவது ஆரம்பத்துல சில நாள் மட்டும் அதிக அளவு எடுக்கறது, பண்ணணுமா வேணாமாங்கற சண்டை எல்லா ஜிம்லயும் நடக்கும். நான் ரெண்டும் பண்ணிப் பாத்துட்டேன். முதல் தடவ டப்பாவுல போட்டிருந்த மாதிரியே ஒரு நாளைக்கு 20 கிராம், நாலு வேளையா பிரிச்சு. வேலை செய்யுது, ஒரு வாரத்துக்குள்ளயே வித்தியாசம் தெரிஞ்சது, ஆனா வயிறு கடமுடன்னு இருந்துச்சு, ஒரு நாள் சோம்பேறித்தனத்துல ரெண்டு வேளைய ஒண்ணா 10 கிராம் போட்டேன், அன்னிக்கு மீட்டிங்ல பாதியில எந்திரிச்சு ஓட வேண்டியதாயிடுச்சு. ஒரே வேளைக்கு 10 கிராம் போட்டா பேதி ஆகற வாய்ப்பு அதிகம், 5 கிராமா பிரிச்சா கம்மி, இது எனக்கு மட்டும் இல்ல, சோதனையிலயும் பாத்திருக்காங்க. இன்னொரு தடவ சில மாசம் விட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சப்ப லோடிங்கே இல்லாம 5 கிராம் மட்டும் போட்டேன், ஒரு தொந்தரவும் இல்ல, அதே எடத்துக்கு வந்து சேர மூணு நாலு வாரம் ஆச்சு. 1996லயே ஹல்ட்மன் குழு இதப் பாத்துட்டாங்க, ஆறு நாள் 20 கிராம் எடுத்தாலும், 28 நாள் வெறும் 3 கிராம் எடுத்தாலும் தசையில ஏறற அளவு ஒண்ணுதான், ரெண்டுலயும் சுமார் 20 சதவீதம். அடுத்த வாரம் போட்டி இருக்கறவன் லோடிங் பண்ணட்டும். நமக்கு என்ன அவசரம்? லோடிங்கால சீக்கிரம் தீர்றது டப்பாதான், அது யாருக்கு லாபம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இப்ப தராசு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நிறைய பேர் விட்டுட்டு ஓடறது இங்கதான். என் தங்கச்சி நான் எடுக்கறதப் பாத்து அவளும் ஆரம்பிச்சா, அவ நல்லாவே வெயிட் தூக்குவா, என்ன விட ஃபார்ம் சுத்தமா இருக்கும். ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல காலையில போன் பண்ணி "டேய் அண்ணா, ஒண்ணரை கிலோ ஏறிட்டேன்டா, இது என்ன கொழுப்பு பவுடரா"ன்னு சத்தம். அது கொழுப்பு இல்ல. கிரியேட்டின் தசை செல்லுக்குள்ள போறப்ப கூடவே தண்ணியையும் இழுத்துட்டுப் போகும், அதனால ஆரம்பத்துல ஒண்ணுல இருந்து ரெண்டு கிலோ வரைக்கும் ஏறறது சகஜம், லோடிங் பண்ணா சட்டுன்னு தெரியும், 5 கிராம் மட்டும் எடுத்தா மெதுவா வந்து நிறைய பேருக்குத் தெரியாமலே போயிடும். 5 கிராம் பவுடர்ல கலோரின்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கிடையாது, அதுல எப்படி ஒரு வாரத்துல ஒண்ணரை கிலோ கொழுப்பு வரும்? எல்லாம் சொல்லிப் பாத்தேன், கேக்கல, நிறுத்திட்டா. அப்புறம் அவளே தராச ஓரமா வச்சுட்டு இடுப்ப டேப் வச்சு அளந்து பாத்துக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சா, இடுப்பு அளவு மாறவே இல்ல, வெயிட் மட்டும் ஏறியிருந்துச்சு. டயட்ல இருக்கறவங்களுக்கு இதுல ஒரு யோசனை, கிரியேட்டின் ஆரம்பிக்கற வாரமும் டயட் ஆரம்பிக்கற வாரமும் ஒண்ணா இருக்க வேண்டாம், தராசு ரெண்டையும் கலந்து காட்டி மனச நோகடிக்கும்.

இதே தண்ணிதான் இன்னொரு பக்கம் ஆளுங்கள ஏமாத்தவும் செய்யுது. "ப்ரோ, ஒரே வாரத்துல ரெண்டு கிலோ மசில்"னு குதிக்கறவங்களப் பாத்திருப்பீங்க. மசில் அப்படி வராது. 2025ல ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 54 பேர், ஒரு குரூப்புக்கு தினம் 5 கிராம், ஒரு குரூப்புக்கு ஒண்ணும் இல்ல, ஆனா எல்லாரையும் போல உடனே ஜிம்முக்கு அனுப்பல, முதல் ஒரு வாரம் எக்சர்சைஸ் இல்லாம பவுடர் மட்டும் குடுத்தாங்க. அந்த ஒரு வாரத்துலயே கிரியேட்டின் குரூப்புக்கு லீன் மாஸ், அதாவது கொழுப்பு போக மீதி எடை, அரைக் கிலோ கூடுதலா காட்டுச்சு, ஒரு டம்பெல் கூட தூக்காம. அப்புறம் 12 வாரம் ட்ரெயினிங், முடிவுல ரெண்டு குரூப்பும் சராசரியா அதே 2 கிலோதான் ஏறியிருந்தாங்க. அப்ப இது வேஸ்ட்டான்னு கேப்பீங்க. நான் அப்படி நினைக்கல, ஏன்னா பல வருஷமா நடந்த நிறைய ஆராய்ச்சிய மொத்தமா சேர்த்துப் பாத்தா பலத்துலயும் லீன் மாஸ்லயும் கிரியேட்டின் எடுத்தவங்க கொஞ்சம் முன்னாடி இருக்காங்க. ஆனா அந்த "கொஞ்சம்"ங்கறத யாரும் டப்பா மேல போட மாட்டான். லீன் மாஸ்னு மெஷின் காட்டறதுல தண்ணியும் சேர்த்திதான்ங்கறத மறக்காம, எதிர்பார்ப்ப சின்னதா வச்சுக்கிட்டா ஏமாற மாட்டீங்க.

என் நோட்டு என்ன சொல்லுச்சுன்னா, முதல் செட்ல பெரிசா ஒண்ணும் மாறல. இது எனக்கே வேடிக்கையா இருந்துச்சு. 80 கிலோ ஸ்குவாட் முன்னாடி 8, 7, 5ன்னு எறங்கிட்டே போகும், கிரியேட்டின் ஏறினதுக்கப்புறம் 8, 8, 7ன்னு நின்னுச்சு. கடைசி செட்லதான் லாபம் முழுசும். யோசிச்சுப் பாத்தா சரிதான், முதல் செட்ல எல்லாருக்கும் இருப்பு ஃபுல்லாதான் இருக்கும், செட்டுக்கு செட்டு எவ்ளோ திரும்பி வருதுங்கறதுலதான் கிரியேட்டினோட வேலையே. அதனால ஒரே ஒரு தடவ மேக்ஸ், அதாவது தூக்க முடிஞ்ச அதிகபட்ச எடைய, தூக்கிப் பாத்துட்டு "ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றவங்க தப்பான எடத்துல தேடறாங்க.

இதுக்கப்புறம் நான் மாத்தினது ரெஸ்ட் டைம். அதுக்கு முன்னாடி செட்டுக்கு நடுவுல மூச்சு வந்ததும் பாரத் தொட்டுடுவேன், ஒரு நிமிஷம் ஒண்ணேகால் நிமிஷம் இருக்கும். கடன் திரும்பக் கட்ட மூணு நிமிஷம் வேணும்னு தெரிஞ்சும் ஒரு நிமிஷத்துல அடுத்த செட்டுக்குப் போனா காசு குடுத்து வாங்கின இருப்ப உபயோகிக்காம விடற மாதிரிதானே. பெரிய லிஃப்ட்டுக்கு போன்ல மூணு நிமிஷம் டைமர் வச்சேன், டைமர் அடிக்காம எந்திரிக்கறதில்ல. பைசெப்ஸ் மாதிரி சின்ன தசைக்கு அவ்ளோ தேவைப்படல. எனக்கு நேர்மையா சொல்லணும்னா பவுடரால எவ்ளோ, ரெஸ்ட்டால எவ்ளோன்னு பிரிச்சு சொல்ல முடியாது, ஆனா பவுடர் வாங்க காசில்லாதவன் கூட ரெஸ்ட்ட நாளைக்கே மாத்திக்கலாம்.

என்கூட ட்ரெயின் பண்ற ஃப்ரெண்டு ஒருத்தன், தினமும் கறி மீன் இல்லாம சாப்பிட மாட்டான், அவனும் நானும் ஒண்ணாதான் ஆரம்பிச்சோம், அவனுக்கு ஒண்ணுமே நடக்கல. வெயிட்டும் ஏறல, ரெப்பும் ஏறல. பிராண்டு டூப்ளிகேட்டுன்னு சண்டைக்குப் போகப் பாத்தான், நான்தான் என் டப்பாவுல இருந்து எடுத்துப் போட்டுப் பாருன்னு குடுத்தேன், அப்பவும் அதே கதைதான். சிலருக்கு இயல்பாவே தசை கிட்டத்தட்ட நிறைஞ்சிருக்கும், மேல ஊத்தினா நிக்காது, சிறுநீர்ல போயிடும். ஒரு மாசம் ஒண்ணரை மாசம் ஒழுங்கா எடுத்தும் நோட்டுல ஒரு மாற்றமும் இல்லன்னா நிறுத்திடலாம், அதுல அவமானம் ஒண்ணும் இல்ல. அவன் நிறுத்திட்டான், இப்பவும் என்ன விட ஜாஸ்திதான் தூக்கறான், அது வேற வயித்தெரிச்சல்.

கிட்னி விஷயம்தான் வீட்டுல பெரிய ரகளை ஆச்சு, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். வழக்கமான ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 1.38னு தடிச்ச எழுத்துல வந்துச்சு, பக்கத்துல நார்மல் 1.3 வரைன்னு போட்டிருந்தாங்க, கீழ கிட்னி வடிகட்டற வேகம்னு ஒரு நம்பர் போட்டு அதையும் கம்மின்னு காட்டியிருந்தாங்க. அம்மா அத படிச்சுட்டு "நான் அன்னிக்கே சொன்னேன் அந்த வெள்ளப் பவுடர் வேண்டாம்னு"ன்னு ஆரம்பிச்சாங்க, டப்பா குப்பைக்கூடைக்கே போயிடுச்சு, மூடி தொறக்காததால தப்பிச்சுது. டாக்டர்கிட்ட போனப்ப நான் கிரியேட்டின் எடுக்கறேன், டெஸ்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் கால் வொர்க்அவுட் செமையா பண்ணியிருந்தேன்னு ரெண்டையும் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு சொன்னது இதுதான். கிரியேட்டினின் கிட்னில இருந்து வர்றது இல்ல, தசையில கிரியேட்டின் உடைஞ்சு வர்ற கழிவு, கிட்னி அத வெளிய தள்ளுது. கிட்னி மந்தமானா ரத்தத்துல அது தேங்கும், அதனாலதான் அத ஒரு அடையாளமா வச்சுப் பாக்கறாங்க. ஆனா தசை அதிகமா இருந்தாலோ, கிரியேட்டின் சாப்பிட்டாலோ, செமையா எக்சர்சைஸ் பண்ணாலோ, கறி நிறைய சாப்பிட்டாலோ உற்பத்தி பக்கமே கொஞ்சம் கூடும், வடிகட்டற வேலை நல்லா நடந்தாலும் நம்பர் மேல நிக்கும். அந்த வடிகட்டற வேகம்னு போட்டிருக்கறதும் தனியா அளந்தது இல்ல, அதே கிரியேட்டினின் நம்பர வச்சு கணக்குப் போட்டதுதான், அது ஏறினா இது தானா எறங்கும்.

அதோட விட்டுடாம கிட்னிய வேற வழியில பாக்க சிஸ்டாட்டின் சி ன்னு ஒரு ரத்தப் பரிசோதனையும், சிறுநீர்ல ஆல்புமின்ங்கற புரதம் போகுதான்னு பாக்கற டெஸ்ட்டும் எழுதிக் குடுத்தாரு. சிஸ்டாட்டின் சி கிரியேட்டின் சாப்பிடறதால மாறாது. ரெண்டுமே நார்மல். "நீங்க எடுக்கறத சொல்லாம விட்டிருந்தா நான் வேற பாதையில போயிருப்பேன், தேவையில்லாம இன்னும் நாலு டெஸ்ட் எழுதியிருப்பேன்"னாரு. எனக்கு அதுல புரிஞ்சது, சப்ளிமெண்ட் எடுக்கறத டாக்டர்கிட்ட மறைக்கற பழக்கம் இருக்கே, திட்டுவாருன்னு பயந்து, அதுதான் உண்மையான ஆபத்து. அதே சமயம் இத வச்சு "ஆங், கிரியேட்டினின் ஏறினா கிரியேட்டினாலதான், கண்டுக்காத"ன்னு ஜிம்ல ஒரு கூட்டம் சொல்லும், அதையும் நம்பாதீங்க. உண்மையிலேயே கிட்னி பிரச்சனை இருக்கற ஒருத்தன் கிரியேட்டின காரணம் காட்டி வருஷக்கணக்குல டாக்டர் பக்கமே போகாம இருந்துடலாம். ஆரோக்கியமான ஆளுங்களுக்கு வழக்கமான அளவுல கிட்னி கெட்டதா ஆராய்ச்சிகள்ல தெரியல, ஆனா ஏற்கனவே கிட்னி நோய் இருக்கறவங்க, சுகர் பிபியால கிட்னி பாதிச்சவங்க, கிட்னிய பாதிக்கற மாத்திரை சாப்பிடறவங்க எல்லாம் டாக்டர் சொல்லாம தொடவே கூடாது. நான் இப்ப வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவ டெஸ்ட் பண்ணி நம்பர எழுதி வச்சுக்கோங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன், பின்னாடி ஒப்பிட ஒரு அளவு வேணுமில்ல. அப்புறம் டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஹெவி வொர்க்அவுட் வேண்டாம்.

முடி கொட்டுமா? இந்த பயம் முழுக்க 2009ல வந்த ஒரே ஒரு ஆராய்ச்சியில இருந்து பொறந்தது. தென்னாப்பிரிக்காவுல காலேஜ் ரக்பி பசங்க 20 பேர வச்சு பண்ணது, லோடிங் முடிஞ்சப்ப, முடி கொட்டறதோட சம்பந்தப்படுத்தற டிஎச்டி ஹார்மோன் 56 சதவீதம் ஏறியிருந்துச்சு, ஆனா அப்பவும் நார்மல் அளவுக்குள்ளதான், அதோட யாரும் அவங்க முடிய எண்ணிப் பாக்கவே இல்ல. 2025ல வந்த ஒரு 12 வாரச் சோதனையில முடியையே நேரடியா அளந்து பாத்தாங்க, வித்தியாசம் இல்ல. எங்க அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முப்பதுல வழுக்கை, எனக்கும் அதே ரூட்டுதான், கிரியேட்டின் வர்றதுக்கு முன்னாடியே நெத்தி பின்னாடி போக ஆரம்பிச்சிடுச்சு, அதனால இந்த விஷயத்துல என் தலைய சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.

1997ல அமெரிக்காவுல காலேஜ் மல்யுத்த வீரர்கள் மூணு பேர் அடுத்தடுத்து இறந்தப்பவும் முதல்ல சந்தேகம் கிரியேட்டின் மேலதான் விழுந்துச்சு, விசாரிச்சா எடைப் பிரிவுக்காக ரப்பர் சூட்டு போட்டு சூடான எடத்துல வேர்க்க வச்சு தண்ணி குடிக்காம எடை குறைச்சதுதான் காரணம். தண்ணி விஷயத்துல நான் பண்றது தாகத்துக்கு ஒழுங்கா குடிக்கறது மட்டும்தான், அஞ்சு லிட்டர் ஆறு லிட்டர்னு சொல்றதெல்லாம் தேவைப்படல.

வாங்கறது பத்தி. கிரியேட்டின் மோனோஹைட்ரேட்னு போட்டிருக்கற சாதாரண வகை, வேற எதுவும் வேண்டாம். பின்னாடி திருப்பிப் பாத்தா பொருள் பட்டியல்ல ஒரே ஒரு பெயர்தான் இருக்கணும். நாலஞ்சு பொருள சேர்த்து "ஸ்பெஷல் பிளெண்டு"ன்னு மொத்த எடைய மட்டும் போட்டிருந்தா அதுல கிரியேட்டின் எவ்ளோன்னு கடவுளுக்குத்தான் தெரியும். எச்சிஎல், பஃபர்டுன்னு வேற வேற வகையா விக்கறதெல்லாம் மோனோஹைட்ரேட்ட விட தசைக்கு நல்லதுன்னு யாரும் நிரூபிக்கல, எச்சிஎல் தண்ணில நல்லா கரையும், அது மட்டும் நிஜம். எத்தில் எஸ்டர்னு ஒண்ணு வந்துச்சு, அது தசைக்குப் போறதுக்கு முன்னாடியே பெருமளவு கிரியேட்டினினா மாறிடுது. மைக்ரோனைஸ்டுன்னா நைசா அரைச்சதுன்னு அர்த்தம், அவ்ளோதான். என்எஸ்எஃப், இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் மாதிரி வெளி ஆளுங்க பரிசோதிச்ச முத்திரை இருந்தா நல்லது, போட்டிக்குப் போறவங்களுக்கு அது அவசியமே, ஏன்னா கிரியேட்டின் தடை இல்லன்னாலும் கூட கலந்திருக்கற குப்பை தடை செஞ்சதா இருக்கலாம்.

பவுடர் அடியில மணல் மாதிரி நிக்குது, போலியான்னு நிறைய பேர் கேக்கறாங்க. போலி இல்ல. சாதாரண சூடு இருக்கற தண்ணில ஒரு லிட்டருக்கு சுமார் 14 கிராம்தான் கரையும், அப்ப கால் லிட்டர் டம்ளர்ல மூணரை கிராம்தான் போகும், நீங்க போடறது 5, மீதி அடியிலதான் தங்கும். வெதுவெதுப்பான தண்ணில போட்டா கரைஞ்சிடும், இல்லன்னா அடியில இருக்கறத இன்னொரு வாய் தண்ணி ஊத்தி அலசிக் குடிங்க, நான் பாதி நாள் அப்படித்தான். கலக்கி வச்சுட்டு நாள் கழிச்சு குடிக்கறது மட்டும் வேண்டாம், தண்ணில கிடக்கக் கிடக்க அது மெதுவா கிரியேட்டினினா மாறும், ரெடிமேடா பாட்டில்ல திரவமா விக்கறத நான் தொடாததுக்கும் இதான் காரணம். பவுடர் ஈரத்துல கட்டி புடிச்சிருந்தா உடைச்சுப் போட்டுக்கலாம். டப்பாவுல வர்ற ஸ்கூப்ப ஒரு தடவ சின்ன எடை மெஷின்ல வச்சுப் பாத்துடுங்க, என்னோடது குவிச்சு எடுத்தா 7 கிராம் வந்துச்சு, மட்டமா வழிச்சா 5.

எப்ப எடுக்கணும்ங்கறதுக்கு என் பதில், மறக்காம இருக்கற நேரத்துல. முன்னாடியா பின்னாடியாங்கறதுல பெரிய வித்தியாசம் இல்ல, தினமும் எடுக்கறதுதான் கணக்கு, ஜிம் போகாத நாளும் சேர்த்து. நான் பல்லு விளக்கற பிரஷ் பக்கத்துலயே டப்பாவ வச்சிருக்கேன். சர்க்கரையோட எடுத்தா உள்ள இன்னும் வேகமா போகும்னு சொல்றது பொய் இல்ல, ஆனா அந்தச் சோதனையில குடுத்த சர்க்கரை அளவப் பாத்தா தலை சுத்தும், சாப்பாட்டோட எடுத்தா போதும். காபி இதோட வேலைய கெடுக்கும்னு 1996ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அப்புறம் வந்ததெல்லாம் அங்கயும் இங்கயுமா இருக்கு, நான் காபிய விடல, விடவும் மாட்டேன்.

எங்க ஜிம்ல ஸ்கூல் படிக்கற பையன் ஒருத்தன், மீசை கூட சரியா வரல, "அண்ணா எனக்கும் வாங்கிக் குடுங்க"ன்னு பின்னாடியே சுத்துவான். வேணாம்டான்னு சொல்லிட்டேன். வளர்ற வயசு, ஒழுங்கா சாப்பிட்டு தூங்கினாலே அவன் உடம்பு இந்த பவுடர் குடுக்கறத விட பல மடங்கு குடுக்கும், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேம் ஆடிட்டு கிரியேட்டின் கேட்டா என்ன நியாயம். கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்களும் தானா எடுக்காம டாக்டர்கிட்ட கேட்டுக்கறதுதான் சரி. வயசானவங்க விஷயம் வேற, வெயிட் ட்ரெயினிங்கோட சேர்த்து எடுத்தா அவங்களுக்கும் பலம் கூடறதா ஆராய்ச்சி இருக்கு, ட்ரெயினிங் இல்லாம வெறும் பவுடருக்கு அது பொருந்தாது. இத அப்பாவுக்கு சொன்னேன், "முதல்ல அந்த ட்ரெயினிங்க ஆரம்பிக்கறேன், பவுடர் அப்புறம் பாக்கலாம்"னாரு, எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல கிடைச்ச ஒழுங்கான பதில் அதுதான்.

நிறுத்தினா என்ன ஆகும்ங்கறவங்களுக்கு, நாலுல இருந்து ஆறு வாரத்துல தசை இருப்பு பழைய அளவுக்கு வந்துடும். எனக்கு தண்ணி எடை ஒரு கிலோ போல எறங்குச்சு, டி-ஷர்ட் தோள்கிட்ட கொஞ்சம் லூசான மாதிரி ஒரு மனக்குறை, கடைசி செட்ல ஒரு ரெப் போச்சு. அதுக்குள்ள ட்ரெயினிங்ல சேர்த்த தசை எங்கயும் ஓடிப் போகல. மூணு மாசம் எடுத்து ஒரு மாசம் விடணும்னு சைக்கிளிங் சொல்றாங்களே, அதுக்கு ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கல, உடம்பு தானா செய்யற உற்பத்தி நீங்க எடுக்கறப்ப குறையும், விட்டா பழையபடி திரும்பிடும். வெளியூர் போறப்ப நான் எடுத்துட்டே போறதில்ல, பேர் ஒட்டாத கவர்ல வெள்ளப் பவுடர பைக்குள்ள வச்சுட்டு ஏர்போர்ட்ல விளக்கம் சொல்ற பொறுமை எனக்கில்ல. வந்ததும் மறுபடி தினம் 5 கிராம், லோடிங் எல்லாம் கிடையாது.